ரேச்சல் பேரில் ஒரு ஜெபம்

முத்தையாபுரம்,
12 ஜூன் 2024

கர்த்தருக்குள் பிரியமான மகள் ஜாய்க்கு,

பெரியம்மா தேவகனி எழுதுதேன். இங்கன நாங்க எல்லாரும் சுகம். உங்கம்மா ரேச்சல், அப்பா, தம்பி பெவின் எல்லாரும் நல்லா இருக்காவ. நீ ஒடிசா மலையில ஏறி உன் பள்ளிக்கூடத்துக்குச் சேந்த பிறகு உடம்பு எப்படி இருக்கு, சோறு செல்லுதா, எழுது. போன்ல கேக்கலாம்னா நீ சந்தைக்கு இறங்குதப்ப மட்டுந்தான் சிக்னல் கிடைக்கி. உங்கம்மா அழுது முடிக்கதுக்குள்ள கட்டாயிருது. எனக்குக் கடுதாசிதான் தோது. நடுவுல யாரும் "சரி, வச்சிருதேன்"னு சொல்ல முடியாது பாரு.

பெண்கள் ஐக்கிய சங்கத்துல இந்த வருசமும் என்னையத்தான் ஜெபம் நடத்தப் போட்டிருக்காவ. ஜெபமலர் அக்காவுக்கு மூஞ்சியே சரியில்ல. "தேவகனி ஜெபிக்க ஆரம்பிச்சா எங்க வீட்டுக் கறி அடிப்பிடிச்சிருதுளா"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுதா. "அடுப்ப அணைச்சிட்டு வாங்கக்கா, ஆண்டவருக்கு அவசரமில்ல"ன்னேன். அவ மகன் ஃபிராங்க்ளினுக்கு உங்கப்பா கம்பெனி ஆஸ்பத்திரியில எழுத்து வேலை கிடைச்சிருக்கு. அந்தப் பெருமைதான் அவளுக்கு.

உன்ட்ட மட்டும் ஒண்ணு சொல்லுதேன். எனக்கு மாசாமாசம் வாரது நின்னு வருசக்கணக்காச்சில்லா. அது திரும்ப வந்திருக்கு. உப்பு பாக்கெட் போடுத ஷெட்டுல நிக்கும்போது சேலையெல்லாம் ஆயிப்போச்சு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலையில சீட்டுப் போட்டு மத்தியானம் உள்ள விட்டாவ. டாக்டரம்மா சின்னப் பிள்ளை. அவளும் சாப்பிட்டிருக்க மாட்டா போல. படுக்கவச்சுப் பாக்க இடமில்ல, வெளிய அவ்வளவு கூட்டம். ஸ்கேனுக்கு ஆகஸ்ட் மாசம் தேதி குடுத்து, அதுவரைக்கும் போட மாத்திரை எழுதினா. ஏசல, ஒண்ணும் சொல்லல. நல்ல பிள்ளைதான்.

நீ பயப்படாத. குளிரு நாட்டுல தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காத. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

பெரியம்மா தேவகனி

*

மிஷன் விடுதி, ஒடிசா,
3 ஜூலை 2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். நான் நலமாக இருக்கிறேன். மழை தொடங்கிவிட்டது. பாதை சேறாக இருப்பதால் தபால் ஜீப் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று சொல்ல முடியவில்லை. போன வாரம் விடுதிப் பிள்ளை ஒருத்திக்குக் காய்ச்சல் முற்றி, கட்டிலோடு தூக்கிக்கொண்டு கீழே போனார்கள். பிழைத்துக்கொண்டாள்.

உங்களுக்கு நடந்ததை இங்குள்ள நர்ஸ் அக்காவிடம் உங்கள் பெயர் சொல்லாமல் கேட்டேன். நின்று இவ்வளவு காலத்துக்குப் பிறகு ரத்தம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாதாம். கர்ப்பப்பையில் கேன்சர் இருக்கிறதா என்று சதை எடுத்துப் பார்க்க வேண்டுமாம். ஆரம்பத்தில் பிடித்தால் ஆபரேஷனோடு சரியாகிவிடும் என்கிறார். பெரியம்மா, ஆகஸ்ட் வரை காத்திருக்காதீர்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வேறு எங்காவது போங்கள்.

எண்ணெய் வைக்கிறேன். உங்கள் சுகத்துக்காக ஜெபிக்கும்,
ஜாய்

*

முத்தையாபுரம்,
28 ஜூலை 2024

ஆண்டவருக்குள் அருமை மகளுக்கு,

உன் கடுதாசி கண்டு சந்தோஷம். காய்ச்சல்காரப் பிள்ளை பிழைச்சதுக்கு ஸ்தோத்திரம். இங்கன வெயில் இன்னும் குறையல. உப்பளத்துக் காத்து மூஞ்சியில அடிச்சா நாக்குல கரிக்கி.

உன் கடுதாசிய உங்கம்மாட்ட வாசிச்சுக் காட்டினேன். அவ அழுதா. மறுநாளே என்னைக் கூட்டிட்டுப் போயிட்டா. கம்பெனி ஆஸ்பத்திரிக்கி. எப்படி உள்ள விட்டாவன்னு நீ கேக்காத, நானும் எழுதல.

ஜாய், அங்கன உள்ள நுழைஞ்சதும் ஒருத்தி "வாங்கம்மா, உக்காருங்க"ன்னு சொன்னா பாரு, நான் பின்னால திரும்பிப் பாத்தேன், வேற யாரும் வந்திருக்காவளான்னு. சேருல மெத்தை. குடிக்கத் தண்ணி. டாக்டரம்மா கதவைப் பூட்டி, துணி போட்டு மூடி, "இப்ப கொஞ்சம் வலிக்கும்மா"ன்னு சொல்லிட்டுத்தான் தொட்டா. அப்புறம் ஒரு தாள்ல கர்ப்பப்பைய வரைஞ்சு காட்டினா, கத்தரிக்காயக் கவுத்துப் போட்ட மாதிரி. இத்தனை வயசுக்கு எனக்கு அது எப்படி இருக்கும்னே தெரியாது. சதை எடுத்து அனுப்பியிருக்கு.

உங்க பெரியப்பாவும் உங்கப்பாவும் ஒரே கேட்டு வழியாத்தான் வேலைக்குப் போனாவ. உங்கப்பா பெர்மனெண்ட், அவரு கான்ட்ராக்ட். அவரு நெஞ்சுவலின்னு விழுந்தப்ப இந்த ஆஸ்பத்திரிய ஆட்டோவுல தாண்டித்தான் டவுனுக்குக் கொண்டுபோனோம். உள்ள இப்படி இருக்கும்னு அன்னைக்குத் தெரியாது. தெரிஞ்சும் ஒண்ணும் ஆகியிருக்காது, கான்ட்ராக்ட் ஆள உள்ள விட மாட்டாவ.

நீ நிம்மதியா பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக்குடு. கர்த்தருடைய சமாதானம் உன்னோட இருக்கட்டும்.

பெரியம்மா

*

கீழ்ச்சந்தை, ஒடிசா,
5 செப்டம்பர் 2024

பெரியம்மா,

இதைச் சந்தையில் நின்று எழுதுகிறேன். நலம் விசாரிக்கவும் மனம் இல்லை, மன்னியுங்கள். போனில் சிக்னல் வந்ததும் நம் சபை வாலிபர் சங்கத்து அனிஷ் அனுப்பிய செய்தி வந்தது. "அக்கா, உங்க அம்மாவுக்கு கேன்சர்னு ஃபிராங்க்ளின் அம்மா சொன்னாங்க. சபை முழுவதும் ஜெபிக்கிறோம், தைரியமா இருங்க" என்று. அம்மாவுக்குப் போன் செய்தேன். "எனக்கு ஒண்ணுமில்லட்டி, ஒண்ணுமில்ல" என்று அழுதுகொண்டே வைத்துவிட்டாள். அப்பா எடுக்கவே இல்லை.

அம்மாவுக்கு என்ன? என்னிடம் ஏன் மறைக்கிறீர்கள்? நான் உடனே ரயில் ஏறட்டுமா? உண்மையை எழுதுங்கள். உங்களைத் தவிர எனக்கு யாரும் உள்ளதைச் சொல்ல மாட்டார்கள்.

ஜாய்

*

முத்தையாபுரம்,
14 செப்டம்பர் 2024

என் தங்க மகளுக்கு,

அழாத. ரயில் ஏறாத. உங்கம்மா சுகமா இருக்கா. அவளுக்கு வியாதி இல்ல, எனக்குத்தான்.

உங்கம்மா கம்பெனி மெடிக்கல் கார்டுலதான் நான் போனேன். அதுல இருக்க படம் அவ கல்யாணமான புதுசுல எடுத்தது. மூக்கும் முழியும் எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான, யாரும் உத்துப் பாக்கல. "ரேச்சல்"னு கூப்பிட்டாவ, எந்திரிச்சுப் போனேன். அந்தச் சதை டெஸ்ட்டுல கர்ப்பப்பை வாயில கேன்சர்னு வந்திருக்கு. ஆரம்பந்தானாம். மதுரைக்குப் போய் ஆபரேஷன் பண்ணிக்கிட்டா சரியாயிரும், செலவெல்லாம் கம்பெனி பாத்துக்கும்னு டாக்டரம்மா சொன்னா. என் கையப் பிடிச்சிக்கிட்டே சொன்னா.

எழுத்து வேலையெல்லாம் மாடியில. அங்கன ஃபிராங்க்ளின் உக்காந்திருக்கான். அவன் ஆளைப் பாக்கல, பேரைத்தான் பாத்தான். உங்கப்பா பேரைச் சொல்லி, சுந்தரராஜ் அண்ணாச்சி வீட்டம்மாவுக்குக் கேன்சர்னு அவங்கம்மாட்ட போய்ச் சொல்லிட்டான். நல்ல மனசுலதான் சொன்னான், ஜெபத்துக்காக. அவ போதகரய்யாட்ட சொல்ல, ஞாயித்துக்கிழமை வியாதியஸ்தருக்காக ஜெபிக்குதப்ப அய்யா உங்கம்மா பேரைச் சத்தமா வாசிச்சிட்டாவ. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். உங்கம்மா என் சேலைத் தலைப்பப் பிடிச்சவ விடல.

வெள்ளிக்கிழமை உங்க வீட்டுல உபவாச ஜெபம். சங்கம் மொத்தமும் வந்துட்டு. ஜெபமலர் அக்கா உங்கம்மா பக்கத்துல உக்காந்து, "ரேச்சலு, எங்கன வலிக்கின்னு காட்டுளா"ன்னா. உங்கம்மா பதறிப்போய்த் தோள்பட்டையத் தொட்டா.

"ஏளா, இது அடிவயித்து வியாதில்லா?"

"அங்கேருந்துதான்க்கா ஏறி வருது"ன்னு நான் சொன்னேன்.

"நீ என்னத்தக் கண்ட? வியாதி உனக்கா, அவளுக்கா?"ன்னு என்னைய ஒரு அதட்டு அதட்டினா. எல்லாரும் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன்.

அப்புறம், "தேவகனி, நீயே ஜெபி. உன் தங்கச்சில்லா"ன்னாவ. உங்கம்மா தலையில கை வச்சேன். "உம்முடைய அடியாள் ரேச்சலைத் தொடும் ஆண்டவரே, ரேச்சலுடைய கர்ப்பத்துல இருக்க வியாதிய எடுத்துப்போடும்"னு ஜெபிச்சேன். எப்பவும் போல வார்த்தை வரல, சீக்கிரம் முடிச்சிட்டேன். நல்ல ஜெபம்னு சொன்னாவ. பெறவு எல்லாரும் கஞ்சியும் துவையலும் சாப்பிட்டோம்.

ராத்திரி உங்கம்மா, "யக்கா, இவ்வளவு ஜெபமும் எனக்கு வந்துட்டா நீ என்ன செய்வ?"ன்னு கேட்டா. "ஆண்டவருக்கு ஆள் மாறாதுளா, அவரு கார்டு கேக்க மாட்டாரு"ன்னு சொன்னேன்.

யாருட்டயும் மூச்சு விடாத. உங்கப்பா வேலை சம்பந்தப்பட்டது. வேளாவேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உன்னைத் தேற்றுவாராக.

பெரியம்மா

*

மிஷன் விடுதி, ஒடிசா,
9 அக்டோபர் 2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். மண் சரிந்து பாதை அடைத்திருந்ததால் உங்கள் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. "அவளுக்கு வியாதி இல்ல" என்று வாசித்ததும் அப்படியே முழங்கால் போட்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். ஒரு மாதமாக என் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. அம்மா நன்றாக இருக்கிறாள்! விடுதிப் பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.

பெரியம்மா, மேலே உள்ளதை எழுதிவிட்டுத்தான் உங்கள் கடிதத்தை மறுபடி முழுவதும் வாசித்தேன். அதைக் கிழித்துவிட்டு வேறு எழுத நினைத்தேன். ஜீப் கிளம்பப்போகிறது. என்னிடம் வேறு தாள் இல்லை.

மதுரைக்கு எப்போது போகிறீர்கள்? அப்பா என்ன சொல்கிறார்? ஆரம்பம் என்றால் சீக்கிரம் செய்ய வேண்டும். உங்களுக்காக ஜெபிக்கிறேன், உங்களுக்காகத்தான்.

ஜாய்

*

முத்தையாபுரம்,
17 நவம்பர் 2024

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

உன் கடுதாசி வந்து ரொம்ப நாளாச்சு. பதில் எழுதப் பிந்திட்டேன். இங்கன மழை. ஷெட்டுக்குள்ள தண்ணி வந்து உப்பெல்லாம் கரைஞ்சிட்டு, வேலையில்ல. நீ மிட்டாய் வாங்கிக் குடுத்தது நல்ல காரியம். பிள்ளைங்க சந்தோஷப்பட்டிருக்கும்.

மதுரைக்கு உங்கம்மா போயிட்டு வந்துட்டா.

அங்கன கார்டு மட்டும் போதாதாம். ஆதாருக்குக் கைரேகை வைக்கணுமாம். அத ஃபிராங்க்ளின் சொல்லி உங்கப்பா கேட்டுட்டு வந்தாவ. வீட்டுக்கு வந்து என் முன்னால உக்காந்து, "மதினி, ரிட்டையர் ஆகப்போற நேரம். தெரிஞ்சா வேலையும் போயிரும், பென்ஷனும் போயிரும். பெவின் படிப்பு பாதியில நிக்கும். நான் என்ன செய்ய, நீங்களே சொல்லுங்க"ன்னாவ. மூஞ்சி வெளிறிப்போயிருந்துச்சு. "நான் ஒண்ணும் கேக்கலய தம்பி"ன்னேன். காப்பி போட்டுக் குடுத்தேன். குடிச்சிட்டுப் போனாவ.

போகாம விட்டிருக்கலாம். ஆனா ஜெபமலர் அக்கா தினம் வந்து, "ஏன் இன்னும் போகல, ஏன் இன்னும் போகல"ன்னு கேக்கா. ஃபிராங்க்ளின் பாவம், மேலதிகாரியப் பாத்து கம்பெனி காரே ஏற்பாடு பண்ணிட்டான். பெறவு எப்படி மாட்டேன்னு சொல்ல? உங்கம்மா அவ கைரேகையவே வச்சிட்டு, மறுபடி எல்லா டெஸ்ட்டும் எடுத்தா. நான் புளிச்சோறு கட்டிக் குடுத்து, வாசல்ல நின்னு கார் ஏத்திவிட்டேன்.

அவளுக்கு ஒண்ணுமே இல்லன்னு வந்துட்டு. இருக்காதுல்லா. முதல்ல பாத்த லேப்புல எங்கயோ சதைய மாத்திட்டாவ போலன்னு அந்த டாக்டர் சொன்னாராம். ஜெபமலர் அக்கா கேட்டாளா? "லேப்புக்காரன் கிடக்கான், இது ஆண்டவர் செஞ்சது"ன்னு தெருவெல்லாம் சொல்லிட்டா. போதகரய்யா உங்கம்மாவ சாட்சி சொல்லக் கூப்பிட்டாவ. உங்கம்மா மைக்கப் பிடிச்சா, வாயத் திறக்க முடியல, அழுகையா அழுதா. சந்தோஷத்துல அழுதான்னு சபையே எந்திரிச்சு நின்னு கை தட்டிச்சு. அன்னைக்கு ஸ்தோத்திர விருந்துக்குச் சாம்பார் நான்தான் வச்சேன். உப்பு சரியா இருந்துச்சுன்னு சொன்னாவ.

இனி என் பேர்ல போகணும். ஆகஸ்ட்ல எனக்குக் குடுத்த ஸ்கேன் தேதிக்கு நான் போகல பாத்துக்கோ. கார்டு இருக்கே, அந்த வராண்டாவுல எதுக்குப் போய் நிக்கணும்னு இருந்துட்டேன். இப்ப புதுசாத்தான் ஆரம்பிக்கணும். ஆனா ரேச்சலுக்கு வந்த அதே வியாதி அக்காவுக்குன்னு இந்த வாரமே போய் நின்னா, ஃபிராங்க்ளின் புத்திசாலி, ரெண்டையும் சேத்துப் பாத்துருவான். கிறிஸ்மஸ் கழியட்டும். ஜனங்க சாட்சிய மறக்கட்டும். அதுக்குள்ள ஒண்ணும் ஆயிராது.

இப்ப என் மேல கொஞ்சம் வாடை அடிக்கி, அவ்வளவுதான். ஜெபக்கூட்டத்துல கதவுப்பக்கமா உக்காந்துக்கிடுதேன்.

குளிருக்குக் காதை மூடிக்கோ. கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பாராக.

பெரியம்மா

*

மிஷன் விடுதி, ஒடிசா,
4 டிசம்பர் 2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். வாடை அடிக்கிறது என்று எழுதியதை நர்ஸ் அக்காவிடம் சொன்னேன். "இன்றைக்கே போகச் சொல்" என்று மட்டும் சொன்னார்.

கிறிஸ்மஸ் வரை ஏன்? யாருக்காக? இந்தக் கேள்வியை எழுதும்போதே பதிலும் தெரிகிறது. அப்பாவின் வேலைக்காக, பெவினுக்காக. நான் படித்ததும் அந்தச் சம்பளத்தில்தான். சின்ன வயதில் எனக்கு டைபாய்டு வந்தபோது என்னைக் காப்பாற்றியதும் அந்த ஆஸ்பத்திரிதான். "எல்லாவற்றையும் போதகரிடம் சொல்லிவிடுங்கள்" என்று ஒரு வரி எழுதினேன், அடித்துவிட்டேன். அடித்தது உங்களுக்குத் தெரியும், கறுப்பாக இருக்கிறதே, அதுதான்.

லீவு கேட்டேன். பரீட்சை முடிந்துதான் விடுவார்களாம். நான் வரும்வரை காத்திருக்காமல் போங்கள், பெரியம்மா. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜாய்

*

கேன்சர் வார்டு,
11 பிப்ரவரி 2025

கர்த்தருக்குள் என் மகள் ஜாய்க்கு,

பெரியம்மா எழுதுதேன். நீ சுகமா? உன் கடுதாசி கிறிஸ்மஸுக்கு முந்தியே வந்துட்டு. கறுப்பா இருந்த வரியப் பாத்தேன். நான் வாசிக்கல, விடு.

பொங்கல் கழிச்சு நான் போனேன். நம்ம ஊர்லயே போனா தெரிஞ்சவங்க பாப்பாவன்னு வெளியூரு கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கி வந்திருக்கோம். உங்கம்மா கூடத்தான் இருக்கா. சபையில நாங்க ரெண்டு பேரும் நாசரேத்துல சொந்தக்காரங்க வீட்டுல இருக்கோம்னு சொல்லியிருக்கு. உங்கப்பா ஒரு ஞாயித்துக்கிழமை ஆரஞ்சு வாங்கிட்டு வந்தாவ. கட்டில் பக்கத்துல ரொம்ப நேரம் நின்னாவ. உக்காருங்க தம்பின்னேன். உக்காரல.

சீட்டுப் போட, சதை எடுக்க, ரிசல்ட் வர, ஸ்கேனுக்கு முறை வரன்னு எல்லாம் முதல்லருந்து. இங்கன யாரையும் குறை சொல்லக் கூடாது. ஒரு டாக்டருக்கு எத்தனை பேருதான் முடியும்? நேத்துத்தான் பெரிய டாக்டர் பாத்தாரு. சுத்திப் படிக்கிற பிள்ளைங்க நோட்டோட நின்னாவ.

"எப்பலருந்தும்மா ரத்தம் போகுது?"

"ஜூன்லருந்து."

"ஜூன்லருந்து இங்க வர்ற வரைக்கும் எங்கயுமே காட்டலையா?"

உங்கம்மா பக்கத்துல நிக்கா. அந்த டெஸ்ட் தாளு, டாக்டரம்மா வரைஞ்ச படம் எல்லாம் அவ பேர்ல அலமாரியில கிடக்கு. அதை எப்படி எடுத்துக் காட்ட? ஜூன்ல போட்ட சீட்டச் சொன்னா, ஸ்கேனுக்கு ஏன் போகலன்னு கேப்பாரு.

"இல்லய்யா"ன்னேன்.

"ஒரு டெஸ்ட்கூட எடுக்கலையா?"

"எடுக்கலய்யா."

"ஜூன்ல வந்திருந்தா ஆபரேஷன்ல முடிஞ்சிருக்கும். இப்ப பக்கத்துல எல்லாம் பரவிட்டு, அறுக்க முடியாது. ரேடியேஷன் கரண்டுதான் வைக்கணும்"னாரு. பெறவு அந்தப் பிள்ளைங்க பக்கம் திரும்பி, "பாத்துக்கோங்க, இதான் நம்ம ஜனங்க. கோயில்ல, சர்ச்சுல போய் உக்காந்திருப்பாங்க, முத்தின பிறகு நம்மகிட்ட வருவாங்க. அறியாமை, அலட்சியம்"னாரு. பிள்ளைங்க எழுதிக்கிட்டாவ. ஒரு பிள்ளை உன்னை மாதிரியே, இடது கையால எழுதுனா.

உங்கம்மா வாயத் திறக்கப் போனா. நான் அவ கையப் பிடிச்சு அமுக்கிட்டேன்.

கரண்டு திங்கக்கிழமையிலருந்து வைப்பாவ. வலிக்கு மாத்திரை குடுக்காவ. சோறு கொஞ்சம் இறங்குது. எனக்கு மனசுல ஒண்ணும் தோணல, அழுகையும் வரல. ஜெபிக்கக் கண்ண மூடினா தூக்கம்தான் வருது. நான் ஜெபத்துல தூங்குவேன்னு நீ நினைச்சிருப்பியா?

பரீட்சைய விட்டுட்டு வராத. அந்தப் பிள்ளைங்கள யாரு பாப்பா? எனக்கு ஒண்ணு மட்டும் செய். சாயங்காலம் விடுதிப் பிள்ளைங்க ஜெபிக்குதப்ப எனக்காகக் கேக்கச் சொல்லு. சும்மா ஜாய் டீச்சரோட பெரியம்மான்னு கேக்க வேண்டாம். தேவகனின்னு பேரைச் சொல்லிக் கேக்கச் சொல்லு. பிள்ளைங்களுக்கு வாயில நுழையலன்னா மெதுவாச் சொல்லிக்குடு. இங்கன அந்தப் பேர்ல இன்னும் ஒருத்தரும் கேக்கல.

தேவகனி